கல் பங்களாவைக் கட்டியவர்

ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் படித்த நாங்கள் எல்லோரும் கல் பங்களாவைத் தாண்டித்தான் வகுப்புக்குப் போனோம். அதைக் கட்டினவர் ஜான் சல்லிவன் என்பது எனக்கு அப்போது தெரியாது. பரீட்சைக்கு வராத விஷயம் ஆச்சே!

1788-ல் லண்டனில் பிறந்தவர். பதினாறு வயசில், 1804-ல், கம்பெனி உத்தியோகத்துக்கு மதராஸ் வந்தார். 1815-ல் கோயம்புத்தூர் கலெக்டர். 1819 ஜனவரியில் மலையேறி, கோத்தகிரிப் பக்கம் முதல் வீட்டைக் கட்டினார். ஊட்டியைக் 'கண்டுபிடித்தவர்' என்று இன்றும் சிலர் சொல்லுவாங்க. அது எனக்குச் சம்மதமில்லை. தோடரும் கோத்தரும் படுகரும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மலை இது. அவர் உண்டாக்கினது ஊட்டி என்கிற டவுனைத்தான்.

1822-ல் கல் பங்களா வேலை தொடங்கியது. 1823-ல் ஏரி வெட்ட ஆரம்பித்து 1825-ல் முடித்தார்கள். இன்று நம்ம மார்க்கெட்டில் மூட்டை மூட்டையாக இறங்குகிற உருளைக்கிழங்கு, கோஸ், கேரட் எல்லாம் அவர் முன்நின்று பயிரிட வைத்த காய்கள்தான்.

நிலத்து விஷயம்தான் மனசை உறுத்துகிறது. தோடர்களிடம் ஏக்கர் ஒரு ரூபாய்க்கு வாங்கினார். மலையில் இருந்த மற்ற வெள்ளைக்காரர்கள் எல்லோரையும்விடப் பெரிய நிலச்சொந்தக்காரர் ஆனார். அடிமாட்டு விலை, சந்தேகமே இல்லை. ஆனால் அதே மனுஷர்தான், இந்த மண் தோடருக்கே சொந்தம், அவர்களைக் கேட்காமல் சர்க்கார் எடுக்கக்கூடாது என்று மேலிடத்தோடு மல்லுக்கட்டினார். தன் கிரயம் செல்லணும் என்கிற கணக்கும் அதில் இருந்திருக்கலாம். இருந்தாலும் அதைச் சொல்ல அன்று வேறு யார் இருந்தார்கள்? கவர்னர் லஷிங்டனுக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. 1830-ல் ஊட்டிப் பகுதியைக் கோயம்புத்தூரிலிருந்து பிரித்து மலபாரோடு சேர்த்துவிட்டார்கள். கலெக்டர் பதவியும் அந்த வருஷத்தோடு சரி.

1838-ல் மனைவி ஹென்றியட்டாவும் மகள் ஹாரியட்டும் அடுத்தடுத்து இறந்தார்கள். 1841-ல் சீமைக்குத் திரும்பியவர் 1855-ல் அங்கேயே காலமானார். சரியாக நூறு வருஷம் கழிச்சு, 1955-ல், அவர் கட்டின இடத்தில் நம் கல்லூரி வந்தது.

அந்தத் தாயும் மகளும் புனித ஸ்டீபன் தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார்கள். கல்லூரியிலிருந்து நடந்தே போகலாம். படிக்கிற மூன்று வருஷத்தில் நான் ஒரு நாள்கூடப் போனதில்லை. இந்தச் சந்திப்புக்கு வரும்போது கொஞ்சம் சீக்கிரமே வந்து போய்ப் பார்க்க இருக்கிறேன். கூட வருகிறவர்கள் வரலாம்.