ஊர்களின் நினைவைத் திரட்டியவர்

அரசர்களின் வரலாறு மெய்க்கீர்த்திகளிலும் செப்பேடுகளிலும் நிலைபெறுகிறது. ஆனால், ஒரு சிற்றூரின் ஏரியை வெட்டியவர் யார், அவ்வூர்க் கோயிலுக்கு நிலம் அளித்தவர் யார், போரிலும் பஞ்சத்திலும் அவ்வூர் பட்ட பாடு என்ன என்பன போன்ற செய்திகள் பெரும்பாலும் முதியோர் நினைவிலும் ஊர்க்கணக்கர் வீட்டு ஏடுகளிலுமே வாழ்கின்றன. முதியோர் மறைந்தால் அந்நினைவும் மறையும். ஏட்டைச் செல்லரித்தால் எழுத்தும் அழியும். தென்னிந்திய ஊர்களின் இத்தகைய செய்திகளைத் தேடித் தொகுக்கும் பெரும்பணியை 200 ஆண்டுகளுக்கு முன்பே மேற்கொண்டவர், இந்நாட்டு மொழிகளில் புலமை பெறாத ஒரு நில அளவையாளர். அவரே காலின் மெக்கன்சி.

இளமையும் வருகையும்

மெக்கன்சி, ஸ்காட்லாந்தைச் சேர்ந்த லூயிஸ் தீவில் ஸ்டார்னோவே என்னும் ஊரில் 1754ஆம் ஆண்டு பிறந்தார். இளமையிலேயே கணிதத்தில் ஈடுபாடு கொண்டிருந்தார். மடக்கையைக் கண்டறிந்த ஜான் நேப்பியரின் வாழ்க்கை வரலாற்றை எழுத அவர்தம் வழித்தோன்றல் ஒருவர் முனைந்தபோது, அப்பணிக்கு மெக்கன்சி துணைநின்றார். இந்தியரின் பழங்கணிதத்தைப் பற்றி அறியும் ஆவல் அவருக்கு அப்போதே தோன்றியது. 1783இல் அவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியாளராகச் சென்னை வந்து சேர்ந்தார். வந்த தொடக்க ஆண்டுகள் போர்க்களங்களிலும் பொறியியல் பணிகளிலும் கழிந்தன. மதுரையில் அறிஞர்களோடு ஏற்பட்ட பழக்கம் இந்நாட்டின் பழமையை ஆராயும் வேட்கையை வளர்த்தது. எனினும், மொழி அறியாமை அவருக்குப் பெருந்தடையாக நின்றது.

துணைவர்கள்

ஏலூரைச் சேர்ந்த காவலி வெங்கட போரையா என்னும் இளைஞரால் அத்தடை நீங்கியது. பன்மொழிப் புலமையும் பழங்கல்வெட்டுகளைப் படிக்கும் திறமும் பெற்றிருந்த போரையா, மெக்கன்சிக்கு மொழிபெயர்ப்பாளராகவும் வழிகாட்டியாகவும் விளங்கினார். அவர் 1803இல் இளமையிலேயே மறைந்தார். அதன்பின் அவர்தம் தம்பி இலட்சுமையா அப்பொறுப்பை ஏற்றார். இந்நாட்டைப் பற்றிய தம் அறிவெல்லாம் போரையாவின் துணை கிடைத்த பின்னரே தொடங்கியது என்று மெக்கன்சி பிற்காலத்தில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். தமிழ், தெலுங்கு, கன்னடம், மராத்தி முதலிய மொழிகளை அறிந்த பலர் இவர்களோடு இணைந்து உழைத்தனர்.

அளவையும் தொகுப்பும்

1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின், மைசூர்ப் பகுதியை அளக்கும் பொறுப்பு மெக்கன்சியிடம் ஒப்படைக்கப்பட்டது. ஏறத்தாழ 40,000 சதுர மைல் பரப்பை அளந்த அப்பணியில், எல்லைகளையும் மலைகளையும் வரைந்ததோடு அவர் நிறைவடையவில்லை. மக்களின் குடிவழி, கோயில், நீர்நிலை, வழக்காறு ஆகியவற்றையும் குறிக்கச் செய்தார். துணைவர்கள் ஊர்ஊராகச் சென்றனர், கல்வெட்டுகளைப் படியெடுத்தனர், கணக்கர்களிடமிருந்த ஏடுகளைப் பார்த்து எழுதினர், முதியோர் கூறியவற்றைக் கேட்டுப் பதிந்தனர். இவ்வாறு எழுதப்பட்ட ஊர் வரலாறுகள் கைபீதுகள் எனப்பட்டன.

இப்பணி எளிதன்று. கம்பெனியின் ஆட்கள் வந்து ஊர்ச் செய்திகளைக் கேட்கும்போது மக்கள் ஐயுறுவது இயல்பே. நாட்டை அறிதல் நாட்டை ஆள்வதற்கும் வரி தண்டுவதற்கும் பயன்படும் என்பதை ஆட்சியாளரும் உணர்ந்திருந்தனர். ஆயினும், அளவைப் பணிக்குத் தேவையானவற்றையும் கடந்து மெக்கன்சியின் தேடல் விரிந்தது. சுவடிகளையும் நாணயங்களையும் திரட்டத் தம் சொந்தப் பணத்தையும் அவர் செலவிட்டார்.

காலந்தாழ்த்தினால் நேரும் இழப்பை அவருக்கு உணர்த்திய இடம் அமராவதி. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவர் முதன்முறை அங்குச் சென்றபோது, பழைய பௌத்தத் தூபி கட்டுமானக் கற்களுக்காகத் தோண்டப்பட்டுக்கொண்டிருந்தது. 1816இல் மீண்டும் சென்றபோது பேரழிவு நேர்ந்திருந்தது. எஞ்சிய சிற்பங்களை அவர் ஓவியங்களாக வரையச் செய்தார். அவற்றுள் பல சிற்பங்கள் பின்னர் மறைந்தன. இன்று அவற்றின் உருவை அறிய அவ்வோவியங்களே சான்றாகின்றன.

மறைவுக்குப் பின்

1815இல் இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளராக உயர்ந்த மெக்கன்சி, தம் தொகுப்பை வகைப்படுத்தி நூலாக்க விரும்பினார். ஆனால், அவ்விருப்பம் நிறைவேறுமுன் 1821 மே 8ஆம் நாள் கல்கத்தாவுக்கு அருகே மறைந்தார். தொகுப்பு சிதறும் நிலை ஏற்பட்டது. கம்பெனி அதனை அவர் மனைவியிடமிருந்து 10,000 பவுண்டுக்கு வாங்கியது. எச். எச். வில்சன் 1828இல் வெளியிட்ட அட்டவணையில் 1,568 இலக்கியச் சுவடிகள், 2,070 ஊர்வரலாற்றுக் குறிப்புகள், 8,076 கல்வெட்டுப் படிகள், 6,218 நாணயங்கள் முதலியன இடம்பெற்றன. ஒரு பகுதி இலண்டனுக்கு அனுப்பப்பட்டது. தென்னிந்திய மொழிச் சுவடிகள் சென்னைக்குத் திரும்பின.

எஞ்சிய பணியைத் தொடர இலட்சுமையா விண்ணப்பித்தார். பல்லாண்டுகள் ஊர்ஊராக அலைந்து அத்தொகுப்பை உருவாக்கியவருக்கு அதனை வழிநடத்தும் தகுதியில்லை என்று 1830களில் கல்கத்தா ஆசியக் கழகம் கருதியது. அப்பொறுப்பு வில்லியம் டெய்லர் என்னும் பாதிரியாரிடம் சென்றது. அதற்குள் பல ஏடுகளில் மை மங்கியிருந்தது. பூச்சிகளும் அவற்றை அரித்திருந்தன. அவற்றை மீண்டும் படியெடுக்கச் செய்து, விரிவான அட்டவணையையும் டெய்லர் உருவாக்கினார். மெக்கன்சி, லெய்டன், சி. பி. பிரவுன் ஆகியோரின் தொகுப்புகளை அடிப்படையாகக் கொண்டு 1869இல் சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் அமைந்தது.

இன்றைய பயன்

கொங்கு நாட்டை ஆண்டோரைப் பற்றிய கொங்குதேச ராஜாக்கள் என்னும் வரலாற்று நூல் இத்தொகுப்பின் வழியாகவே நமக்குக் கிடைத்தது. கைபீதுகளில் வரலாற்றோடு கதையும் கலந்திருத்தல் உண்டு. ஒரு குடியினர் தம் பெருமையை மிகுத்துக் கூறியிருக்கலாம், ஆண்டுகள் பிறழ்ந்திருக்கலாம். எனவே, ஆய்வாளர் அவற்றைக் கல்வெட்டுகளோடும் பிற ஆவணங்களோடும் ஒப்பிட்டே முடிவு காண்கின்றனர். கதை கலந்த பகுதியும், அம்மக்கள் தம் முன்னோரை எவ்வாறு நினைவில் வைத்திருந்தனர் என்பதைக் காட்டும் சான்றாகிறது.

மெக்கன்சியின் பெயரால் வழங்கும் அச்சுவடிகளில் போரையா, இலட்சுமையா ஆகியோரின் உழைப்பும் அடங்கியுள்ளது. ஏட்டைத் தந்த ஊர்க்கணக்கரும், கேட்டதற்கு விடை சொன்ன முதியோரும், மங்கிய எழுத்தை மீண்டும் எழுதிய படியெடுப்போரும் அதில் பங்கு கொண்டவர்களே. அவர்கள் பார்த்து எழுதிய மூல ஏடுகள் பலவும் இன்று இல்லை. தம் ஊரின் பழமையைத் தேடி நூலகத்துக்கு வருவோர் கைகளில் அவர்கள் எழுதிவைத்த படிகளே இருக்கின்றன.