கைப்பிடி அரிசியில் எழுந்த திருச்சபை

திருமண வீடுகளில் உக்கிராண அறை என்று ஒன்று உண்டு. அரிசியும் பருப்பும் நெய்யும் அங்கேதான் குவிந்திருக்கும். அதன் சாவி உக்கிராணக்காரரின் இடுப்பில் தொங்கும். அள்ளிக் கொடுக்கும் அதிகாரம் அவருக்கு உண்டு. ஆனால் உள்ளே இருப்பதில் ஒரு மணி கூட அவருடையதன்று. வீட்டுத் தலைவர் கேட்கும்போது கணக்குச் சொல்ல வேண்டியவர் அவர். தமிழ்க் கிறிஸ்தவர்கள் உக்கிராணத்துவம் என்று சொல்லி வரும் நெறி இதுவே. உடலும் பொருளும் காலமும் அறிவும் இறைவனுடையவை. மனிதன் அவற்றைக் காத்துப் பகிர்ந்தளிப்பவன் மட்டுமே. இந்நெறியைக் கல்வியும் செல்வமும் மறுக்கப்பட்டிருந்த ஏழைகளின் வாழ்க்கை முறையாகவே ஆக்கிக் காட்டியவர், பேராயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா.

இளமையும் அழைப்பும்

திருநெல்வேலிச் சீமையில் பனங்காடுகள் சூழ்ந்த வெள்ளாளன்விளை என்னும் சிற்றூரில், 1874ஆம் ஆண்டு ஆகஸ்ட் 17ஆம் நாள் அசரியா பிறந்தார். தந்தை தாமஸ் வேதநாயகம் ஒரு கிராமக் குருவானவர். மகன் சிறுவனாக இருந்தபோதே அவர் மறைந்துவிட, கண்டிப்பும் பக்தியும் மிகுந்த அன்னை எலன் மகனை வளர்த்தார். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்ற அசரியா, 1895 முதல் கிறிஸ்தவ இளைஞர் சங்கத்தில் செயலாளராகப் பணியாற்றினார். 1898இல் அன்பு மாரியம்மாளை மணந்தார். அக்காலத் தென்னிந்தியக் கிறிஸ்தவப் பெண்களில் கல்லூரிப் படிப்பை நாடிய முதல் சிலருள் ஒருவர் அவர். பின்னாளில் கணவருக்கு இணையாகக் கிராமப் பெண்களிடையே உழைத்தார்.

1902இல் அசரியா யாழ்ப்பாணம் சென்றார். அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தப் பணத்தில், தங்களுள் ஒருவரையே கடல் கடந்து ஊழியத்துக்கு அனுப்பித் தாங்கி வந்ததைக் கண்டார். அக்காட்சி அவர் உள்ளத்தைத் தைத்தது. திருநெல்வேலித் திருச்சபை நூறாண்டுகளைக் கடந்தது. ஆலயங்களும் பள்ளிகளும் நிறைந்தது. ஆயினும் பிறருக்குக் கொடுக்கும் சபையாக அது இன்னும் எழவில்லை. பெற்றுக்கொண்டே இருக்கும் சபை வளர்ந்த சபை ஆகுமா என்னும் கேள்வி அவரை உறங்கவிடவில்லை.

அக்கேள்வியின் விடையாக, 1903 பிப்ரவரி 12ஆம் நாள் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தோன்றியது. ஊழியர்கள் இந்தியர்கள், பணம் இந்தியர்களுடையது, நிர்வாகமும் இந்தியர்களிடமே என்பது அதன் அடிப்படை விதி. 1905 டிசம்பர் 25இல் வங்காளத்துச் செராம்பூரில் உருவான தேசிய மிஷனரி சங்கமும் அதே விதியை ஏற்றது. அதை நிறுவியவர்களுள்ளும் அசரியா முன்னின்றார்.

தோர்ணக்கல்லுக்குப் பயணம்

திருநெல்வேலிச் சங்கம் தேர்ந்தெடுத்த பணிக்களம், நிஜாமின் ஐதராபாத் சமஸ்தானத்தில் இருந்த தோர்ணக்கல். இன்று அது தெலங்கானாவின் மகபூபாபாத் மாவட்டத்தில் உள்ளது. ஊழியர்களை அனுப்பிவிட்டுத் தாம் நகரத்தில் தங்கியிருப்பது அசரியாவுக்கு முறையாகத் தோன்றவில்லை. பிறரைக் கொடுக்கச் சொல்பவன் முதலில் தன்னைக் கொடுக்க வேண்டும் என்று உணர்ந்தார். 1909இல் செயலாளர் பதவியைத் துறந்து, குருப்பட்டம் பெற்று, குடும்பத்தோடு தோர்ணக்கல் சேர்ந்தார். முப்பத்தைந்தாம் வயதில் தெலுங்கை எழுத்திலிருந்து கற்கத் தொடங்கினார். மாட்டுவண்டியிலும் மிதிவண்டியிலும் கிராமம் கிராமமாகச் சுற்றினார்.

1912 டிசம்பர் 29ஆம் நாள் கல்கத்தா தூய பவுல் பேராலயத்தில் அவர் தோர்ணக்கல் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் அந்நிலைக்கு உயர்ந்த முதல் இந்தியர் அவரே. ஓர் இந்தியரின் தலைமையை ஏற்கத் தயங்கிய வெளிநாட்டு ஊழியர்களும் இருந்தனர். அவர் வாதத்தால் அவர்களை வெல்ல முயலாமல், தம் பணியில் ஆழ்ந்தார்.

ஏழையின் காணிக்கை

அவரிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் மாலா, மாதிகா சமூகங்களைச் சேர்ந்த கூலி உழவர்கள். சொந்த நிலம் இல்லை. கிணற்றில் நீர் எடுக்கும் உரிமையும் இல்லை. தலைமுறை தலைமுறையாய்க் கடன் மட்டும் இருந்தது. இத்தகையோரிடம் காணிக்கை கேட்பது தகுமா? வெளிநாட்டு உதவியில் ஆலயமும் பள்ளியும் கட்டிக் கொடுத்துவிடலாமே என்று எண்ணுவோர் அன்று பலர்.

அசரியாவின் சிந்தனை வேறு வழியில் சென்றது. ஏழையிடம் எதையும் கேட்காமல் இருப்பது இரக்கம் போலத் தோன்றும். ஆனால் கொடுப்பதற்கு அவனிடம் ஒன்றுமில்லை என்ற பழைய தீர்ப்பையே அது மீண்டும் அவன்மேல் சுமத்துகிறது. எத்தனையோ தலைமுறைகளாகக் கையேந்த மட்டுமே பழக்கப்படுத்தப்பட்டவன், தானும் இறைவனின் உக்கிராணக்காரன் என்று அறியும் நாளில் தலைநிமிர்கிறான் என்பது அவர் கண்ட உண்மை.

ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்கும்போது பெண்கள் ஒரு கைப்பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் எடுத்து வைத்தனர். அறுவடைக் காலத்தில் தானியமும் காய்கறியும் கோழியும் காணிக்கையாக வந்தன. கொடுக்கப்பட்ட அளவு சிறிதே. ஆனால் அரைவயிற்று உணவிலிருந்து பிரித்த அந்த அரிசியே கிராம ஆசிரியர்களையும் குருமாரையும் தாங்கத் துணைநின்றது.

பொருளைக் கொடுப்பதோடு உக்கிராணத்துவம் முடிந்துவிடவில்லை. உடலும் குடும்பமும் கூட ஒப்படைக்கப்பட்டவையே அல்லவா? எனவே அழுக்கு, நோய், கடன், குடி ஆகிய நான்கையும் நான்கு பகைகளாக எண்ணி அசரியா போராடினார். சாட்சி சொல்வதும் அனைவரின் கடமையானது. ஞானஸ்நானம் பெறுவோர் தம் கையைத் தம் தலைமேல் வைத்து, நற்செய்தியைப் பிறருக்கு அறிவிக்கும் பொறுப்பைத் தாமே ஏற்பதாக உறுதி சொல்லும் வழக்கத்தை அவர் ஏற்படுத்தினார். எழுத்தறியாத உழவனும் அந்தக் கணத்திலிருந்து சபையின் ஊழியனே.

1912இல் சுமார் 56 ஆயிரமாக இருந்த மறைமாவட்ட மக்கள்தொகை, 1941இல் 2 லட்சத்து 25 ஆயிரத்தை எட்டியது. அவர்களுள் பல கிராமத்தாருக்கு மண்சுவரும் கூரையும் வேய்ந்த பள்ளிக் கொட்டகையே ஆலயம். அதுவும் இல்லாத இடத்தில் மரநிழலே ஆலயம். ஆனாலும் சபை அங்கே இருந்தது; மக்களே சபையாக இருந்தனர்.

இறுதியில் எழுந்த ஆலயம்

தோர்ணக்கல்லில் ஒரு பேராலயம் எழ வேண்டும் என்ற விருப்பம் பேராயருக்கும் இருந்தது. ஆயினும் மக்கள் எழும்புவதற்கு முன் கற்கள் எழும்ப அவர் அவசரப்படவில்லை. திருவெளிப்பாட்டுப் பேராலயம் 1939 ஜனவரியில் திருநிலைப்படுத்தப்பட்டபோது, அவர் பேராயராகி 26 ஆண்டுகள் கடந்திருந்தன. குவிமாடங்களும் ஸ்தூபிகளும் மசூதியை நினைவூட்ட, தாமரை செதுக்கிய தூண்கள் கோயில் மண்டபத்தை நினைவூட்ட, இந்திய மண்ணின் கலைகள் யாவும் அங்கே ஒன்றுகூடின.

அவர் வாழ்வு கருத்து மோதல்கள் இல்லாததன்று. ஒடுக்கப்பட்டோர் கூட்டமாகச் சமயம் மாறுவதைக் காந்தியடிகள் ஏற்கவில்லை. 1930களில் இருவரும் இப்பொருளில் வேறுபட்டே நின்றனர். எனினும் இந்தியக் கிறிஸ்தவர்களுக்குத் தனித் தேர்தல் தொகுதி வேண்டும் என்ற கோரிக்கையை அசரியா உறுதியாக எதிர்த்தார். சபை என்பது சலுகை கேட்டுப் பிரிந்து நிற்கும் கூட்டமன்று, தேசத்துக்குக் கொடுக்க வேண்டிய சமூகம் என்றே அவர் கருதினார்.

பிரிந்து கிடந்த சபைகள் ஒன்றாக வேண்டும் என்பது அவரது நெடுநாள் கனவு. 1919இல் தரங்கம்பாடியில் கூடிய மாநாட்டில் அதற்கு வித்திட்டவர்களுள் அவர் முதன்மையானவர். 1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தபோது அதைக் காண அவர் இல்லை. 1945 ஜனவரி முதல் நாள் தோர்ணக்கல்லில் அவரது உயிர் பிரிந்திருந்தது. பேராலயத்தின் அருகிலேயே அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

தம்மிடம் ஒப்படைக்கப்பட்டதைக் கணக்கோடு திருப்பித் தந்த உக்கிராணக்காரர் அவர். எந்தச் சமயத்தைச் சேர்ந்தவராயினும், இறைவனுக்கு ஆலயம் எழுப்ப விரும்புவோர் அவரது வாழ்விலிருந்து ஒன்றைக் கற்கலாம். கல்லையும் சுண்ணாம்பையும் தேடும் முன், கையேந்தி நிற்கும் ஒரு மனிதனைக் கொடுக்கும் நிலைக்கு உயர்த்த வேண்டும். ஆலயத் திருப்பணி அங்கேதான் தொடங்குகிறது.