தீவின் பெயரை எழுதியவர்
1823ஆம் ஆண்டு வேல்சில் பிறந்த ஆல்ஃபிரட் ரசல் வாலஸ், வறுமையால் 14 வயதிலேயே பள்ளியைத் துறந்தவர். அமேசான் காடுகளில் அரிதின் திரட்டி உடன்கொண்டு வந்த சேகரம் 1852இல் அட்லாண்டிக் கடலில் கப்பலோடு எரிந்தது. மனந்தளராத அவர் 1854இல் மலாய்த் தீவுக்கூட்டத்தை அடைந்தார்.

எட்டாண்டுகளில் அவர் சேர்த்த 1,25,660 உயிரின மாதிரிகளுள் பறவைகள் 8,050. பறவையின் வண்ணத்தோடு அது கிடைத்த தீவின் பெயரையும் அவர் கருத்தாய்க் குறித்தார். 1856இல் பாலியில் கண்ட குக்குறுவானை அடுத்திருந்த லொம்பொக்கில் அவர் காணவில்லை. அங்கே காக்கட்டு எனும் கொண்டைக்கிளிகள் இருந்தன. ஆசியப் பறவைகளும் ஆஸ்திரேலியப் பறவைகளும் பிரியும் எல்லை ஒரு குறுகிய நீரிணையில் புலப்பட்டது. பின்னாளில் அது வாலஸ் கோடு எனப் பெயர்பெற்றது.

அப்பறவைகளுள் மிகப் பலவற்றை வேட்டையாடித் தோலுரித்துப் பதப்படுத்தியவர் சரவாக்கைச் சேர்ந்த மலாய் இளைஞர் அலி. 1858இல் பச்சான் தீவில், தோள்களில் நெடிய வெண்சிறகுகள் கொண்ட சொர்க்கப்பறவையைக் கொணர்ந்தவரும் அவரே. அறிவியல் அதற்கு வாலசின் பெயரைச் சூட்டியது. வாலசோ, கொணர்ந்தவர் அலி என்பதை 1869இல் வெளியிட்ட நூலில் பதிவு செய்தார். 1905இல் வெளிவந்த தன்வரலாற்றில் அலியின் ஒளிப்படத்தையும் சேர்த்தார்.

1913இல் வாலஸ் மறைந்தார். தீவின் பெயரை மறவாத அந்த எழுதுகோல், உடனுழைத்தவரின் பெயரையும் மறக்கவில்லை.