இடிமேகத்தைத் தேடிப் போன பேராசிரியர்

1788-ம் ஆண்டு, ஜூலை மாதம். ஆல்ப்ஸ் மலையில் சுமார் 11 ஆயிரம் அடி உயரத்தில் ஒரு கணவாய். சுற்றிலும் பனிக்கட்டி. நடுவே ஒரு சிறிய கல் குடிசை. பக்கத்தில் கூடாரம்.

இரவில் புயல் கிளம்பியது. குடிசையே பறந்து போய்விடுமோ என்று அஞ்சும்படி காற்று அடித்தது. இடியும் மின்னலும் சேர்ந்துகொண்டன. கூடாரத்தின் ஈரத் துணி மீது மின்னலின் பொறி ஒன்று சடசடவென்று ஓடியது. அந்தத் துணியை ஒட்டி உட்கார்ந்திருந்தவன் 20 வயது இளைஞன். அவனுடைய தந்தையும் அங்கே இருந்தார்.

உயிர் தப்பியதே பெரிது என்று இருவரும் உடனே கீழே இறங்கியிருக்கலாம். ஆனால், இறங்கவில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் அங்கேயே தங்கினார்கள்.

யார் அவர்கள்? அங்கே அவர்களுக்கு என்ன வேலை?

மலைப் பித்து

தந்தையின் பெயர் ஹொராஸ் பெனடிக்ட் தெ சொசூர். 1740-ல் ஜெனீவா நகருக்கு அருகே பிறந்தவர். செல்வக் குடும்பத்துப் பிள்ளை. 22-வது வயதிலேயே பேராசிரியர் ஆகிவிட்டார்.

வீட்டில் சுகமாக இருக்க அவருக்கு எல்லா வசதியும் இருந்தது. மனமோ மலைமேல் இருந்தது. 1760-ல் ஷமோனி என்ற மலைக் கிராமத்துக்குப் போனார். எதிரே மோன் பிளாங் சிகரம் வெள்ளை வெளேர் என்று நின்றது. அதன் உச்சியை அதுவரை யாரும் மிதித்ததில்லை. வழி கண்டுபிடிப்பவருக்குப் பரிசு தருவதாக அவர் அறிவித்தார்.

விரல் நுனியில் மின்சாரம்

1767-ல் இரண்டு நண்பர்களுடன் பிரெவான் என்ற மலை உச்சிக்குச் சென்றார். வானத்தில் கருமேகம் திரண்டது. கையை உயர்த்தினால் விரல் நுனியில் ஊசி குத்துவது போல் இருந்தது. 'கிர்' என்று சத்தம் வேறு! மேகத்தின் மின்சாரம் தங்கள் உடம்பையே தொட்டுவிட்டது என்று புரிந்துகொண்டார்கள். சிறிது தூரம் கீழே இறங்கியதும் அது நின்றுவிட்டது.

இன்று அது நமக்கு ஓர் எச்சரிக்கை. மலையிலோ வெட்டவெளியிலோ மயிர் சிலிர்த்து, உடம்பு கூசினால், இடி விழப்போகிறது என்று பொருள். உடனே அந்த இடத்தை விட்டு இறங்கிவிட வேண்டும்.

1771-ல் சொசூர் தம் வீட்டின் மீது இடிதாங்கி வைத்தார். அண்டை வீட்டார் நடுங்கினார்கள். அது இடியை இழுத்து வந்து தங்கள் தலையில் போடும் என்று நினைத்தார்கள். அவர் கோபப்படவில்லை. இடிதாங்கி எப்படிக் காப்பாற்றுகிறது என்பதை விளக்கி, ஒரு சிறு புத்தகம் அச்சிட்டார்.

பெட்டியும் தலைமயிரும்

சூரியனுக்கு அருகே இருக்கும் மலை உச்சி குளிர்கிறது. கீழே உள்ள சமவெளி சுடுகிறது. ஏன்? இந்தக் கேள்வி அவரைத் தூங்கவிடவில்லை.

கண்ணாடி மூடிய ஒரு பெட்டி செய்தார். அதை மலைமேல் வெயிலில் வைத்தார். பிறகு அடிவாரத்திலும் வைத்தார். இரண்டு இடங்களிலும் பெட்டிக்குள் ஏறக்குறைய ஒரே சூடு! வெயில் இரண்டு இடத்திலும் சுடுகிறது. காற்றுதான் மாறுபடுகிறது என்று கண்டார்.

காற்றின் ஈரத்தை அளக்க அவர் எடுத்துக்கொண்ட பொருள், மனிதனின் தலைமயிர்! ஈரம் பட்டால் மயிர் சற்று நீளும். காய்ந்தால் சுருங்கும். இதை வைத்து ஈரமானி ஒன்று செய்து, 1783-ல் புத்தகமும் வெளியிட்டார். இருபதாம் நூற்றாண்டிலும் வானிலை நிலையங்களில் இந்த மயிர்க்கருவி வேலை செய்தது. ஈரக்காற்று வறண்ட காற்றைவிட லேசானது என்பதையும் அவர் எடுத்துக் காட்டினார்.

உச்சியில் ஒரு நாள்

பரிசு அறிவித்து 26 ஆண்டுகள் ஓடின. 1786-ல் ழாக் பல்மா, டாக்டர் பக்கார் என்ற இருவர் மோன் பிளாங் உச்சியை அடைந்தார்கள். மறு ஆண்டு ஆகஸ்டு 3-ந் தேதி சொசூரும் ஏறிவிட்டார். கூடவே 18 வழிகாட்டிகள் சென்றார்கள். ஷமோனியில் அவருடைய மனைவி தூரதரிசினி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கணவர் உச்சியில் நிற்பது தெரிந்ததும் கொடி ஏற்றினார். மேலே இருந்தவர் அதைப் பார்த்த பிறகே நிம்மதி அடைந்தார்.

மூச்சு வாங்கியது. தலை சுற்றியது. ஆனாலும், நான்கு மணி நேரத்துக்கு மேல் கருவிகளுடன் வேலை பார்த்தார். அங்கே சுமார் 86 டிகிரி சென்டிகிரேடிலேயே தண்ணீர் கொதித்தது.

ஒரு நாள் போதாது என்றுதான் மறு ஆண்டு மகனுடன் அந்தக் கணவாயில் தங்கினார். அவர்கள் மேலே அளந்த அதே வேளைகளில், ஷமோனியிலும் ஜெனீவாவிலும் வேறு ஆட்கள் அளந்தார்கள். மலை, பள்ளத்தாக்கு, சமவெளி என்று மூன்று உயரங்களில் ஒரே நேரத்துக் கணக்கு! இன்று உலகெங்கும் குறித்த நேரத்தில் பலூன் விட்டு வானத்தை அளப்பதும் இதே எண்ணத்தில்தான்.

இடி பிறக்கும் கதை

கோடைகாலத்தில் ஆல்ப்ஸ் மலையில் பல நாள் காலை வானம் தெளிவாக இருக்கும். பிற்பகலில் இடி முழங்கும். காரணம் இன்று நமக்குத் தெரியும். வெயிலில் தரை சுடுகிறது. தரை, காற்றைச் சூடாக்குகிறது. ஈரமான சூடான காற்று மலைச்சரிவைப் பற்றிக்கொண்டு மேலே ஏறுகிறது. ஏற ஏற விரிந்து குளிர்கிறது. ஈரம் மேகமாகிறது. மேகத்துக்குள் பனித்துகள்கள் ஒன்றோடொன்று மோதி மின்சாரம் உண்டாகிறது. அதுவே மின்னல். சூடு, ஈரம், உயரம், மின்சாரம் இந்த நான்கையும் அளக்க வழி தேடியவர் சொசூர்.

கடைசி நாட்கள்

பிரெஞ்சுப் புரட்சி வந்தது. அவருடைய செல்வம் போயிற்று. 1794-ல் பக்கவாதம் தாக்கியது. ஆல்ப்ஸ் முழுவதும் நடந்த கால்கள் ஓய்ந்தன. அப்படியும் மலைப் பயணங்களைப் பற்றிய தம் பெரிய நூலின் கடைசி இரண்டு பாகங்களை 1796-ல் வெளியிட்டார். 1799-ல் கண்ணை மூடினார்.

மின்னலுக்குத் தப்பிய மகன் நிக்கோலா தெயொதோர், பின்னாளில் செடிகள் காற்றிலிருந்தும் நீரிலிருந்தும் உணவு பெறுவதை ஆராய்ந்து புகழ் பெற்றார்.

ஷமோனியில் இன்றும் ஒரு சிலை நிற்கிறது. பல்மா கையை நீட்டி உச்சியைக் காட்டுகிறார். பக்கத்தில் சொசூர் நின்று, அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருக்கிறார்.