ஞானஸ்நானமும் கீழ்ப்படிவும்: புனித அம்புறோசியார் வாழ்வு தரும் பாடம்



புனிதர்களின் திருநாளைத் திருச்சபை பெரும்பாலும் அவர்கள் இறந்த நாளிலேயே கொண்டாடுவதை நீங்கள் அறிவீர்கள். அந்த நாளே அவர்களுடைய விண்ணகப் பிறந்தநாள். ஆனால் மிலான் நகர் ஆயரும் திருச்சபையின் மறைவல்லுநருமாகிய புனித அம்புறோசியாரை நாம் ஆண்டுதோறும் நினைவுகூருவது மார்கழி 7ஆம் திகதி. அது அவர் ஆயராக அபிஷேகம் பெற்ற நாள். அதற்கு ஒரு வாரம் முன்பு வரை அவர் ஞானஸ்நானமே பெறாதவராக இருந்தார் என்றால் நம்புவீர்களா?

ஞானஸ்நானமும் கீழ்ப்படிவும் மீட்புக்கு அவசியந்தானா? இந்தக் கேள்வி நம் வீடுகளில் கண்ணீரோடு எழுகிற கேள்வி. பிறந்த சில மணி நேரத்தில் கண்ணை மூடிய பிள்ளையின் தாய் கேட்கிறாள். ஞானோபதேசம் படித்துக்கொண்டிருக்கும்போதே, பாஸ்கா வருமுன் இறந்துபோனவரின் மனைவி கேட்கிறாள். குழந்தையில் ஞானஸ்நானம் பெற்றும் ஆண்டுக்கணக்காகக் கோவில் வாசலை மிதியாத மகனைப் பற்றித் தகப்பன் கேட்கிறார். அம்புறோசியாரின் வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு இதில் ஒரு தெளிவு பிறக்கும். வாருங்கள், பார்ப்போம்.

340ஆம் ஆண்டளவில், இன்று ஜேர்மனியில் உள்ள திரியர் நகரில் அம்புறோசியார் பிறந்தார். தந்தை கல்லியப் பகுதிகளை ஆண்ட உயர் அதிகாரி. அவர் இறந்தபின் தாயார் மூன்று பிள்ளைகளோடும் உரோமைக்குத் திரும்பினார். மூத்தவளான மர்செல்லினா, பாப்பரசர் லிபேரியுசின் கையால் கன்னியர்க்குரிய முக்காடு பெற்று, தன்னை ஆண்டவருக்கு அர்ப்பணித்தாள். செபமும் பக்தியும் நிறைந்த வீடுதான். ஆயினும் ஆண்மக்களாகிய சத்தீருசும் அம்புறோசியாரும் ஞானஸ்நானம் பெறாமலே வளர்ந்தனர்.

இது என்ன புதுமை என்று கேட்பீர்கள். அக்காலத்தில் அப்படியொரு வழக்கம் பரவியிருந்தது. ஞானஸ்நானம் சகல பாவங்களையும் கழுவிவிடும்; அதன்பின் கனமான பாவத்தில் விழுந்தால் செய்யவேண்டிய தவமோ மிகக் கடுமையானது. ஆகையால் இளமையும் உத்தியோகமும் கடந்தபின் பெறலாம் என்று பலர் தள்ளிப்போட்டார்கள். மாமன்னர் கொன்ஸ்தாந்தீன்கூட 337ஆம் ஆண்டு மரணத் தறுவாயில்தான் ஞானஸ்நானம் பெற்றார். நல்ல மேய்ப்பர்கள் இவ்வழக்கத்தைக் கண்டித்தும் அது எளிதில் ஒழியவில்லை.

சட்டம் கற்றுப் பெயர் பெற்ற அம்புறோசியார், மிலானைத் தலைநகராகக் கொண்ட வட இத்தாலியப் பகுதிக்கு ஆளுநரானார். 374இல் அந்நகர் ஆயர் அவுக்சென்சியுஸ் இறந்தார். அவர் கிறிஸ்துவின் தெய்வத்தன்மையை மறுத்த ஆரியூசின் பதிதத்தைச் சேர்ந்தவர். புதிய ஆயர் எப்பக்கத்தவர் என்பதில் கோவிலுக்குள்ளேயே கலகம் மூளும் நிலை. அமைதி காக்க ஆளுநர் நேரில் சென்று மக்களோடு பேசினார். அப்போது ஒரு குழந்தையின் குரல் அவர் பெயரைச் சொல்லி, அவரே ஆயர் என்று கூவியதாக அவருடைய செயலாளராயிருந்த பவுலீனுஸ் எழுதிவைத்துள்ளார். இரு பக்கத்தாரும் அக்குரலை ஏற்றனர்.

அம்புறோசியார் நடுங்கிப்போனார். தம்மைக் கொடியவராகக் காட்ட, நீதிமன்றில் வழக்கத்துக்கு மாறாகச் சித்திரவதைக்கு ஆணையிட்டுப் பார்த்தார். மக்கள் மனம் மாறவில்லை. இரவோடிரவாக ஓடினார், விடியும்போது மிலானின் வாசலிலேயே நின்றார். நண்பர் ஒருவரின் தோட்டத்தில் ஒளிந்தார். பேரரசரின் சம்மதம் வந்ததும், இது மனிதர் விருப்பமல்ல, ஆண்டவரின் சித்தம் என்று உணர்ந்து தலை வணங்கினார். உண்மை விசுவாசமுள்ள கத்தோலிக்க ஆயரின் கையால்தான் ஞானஸ்நானம் வேண்டும் என்ற ஒன்றை மட்டும் கேட்டார். மரபின்படி கார்த்திகை 30ஆம் திகதி ஞானஸ்நானமும், மார்கழி 7ஆம் திகதி ஆயர் அபிஷேகமும் பெற்றார். தம் பொன்னையும் வெள்ளியையும் ஏழைகளுக்குக் கொடுத்தார்; நிலங்களைத் திருச்சபைக்கு எழுதினார். ஆட்சி நடத்திப் பழகியவர், சிம்பிளிசியானுஸ் என்ற குருவின் முன் மாணவனாக அமர்ந்து வேதம் படித்தார்.

இவ்விடத்தில் சகோதரன் சத்தீருசையும் மறக்கலாகாது. அவர் சென்ற கப்பல் ஒருமுறை பாறையில் மோதியது. சாவுக்கு அஞ்சாத அவர், திருவருட்சாதனங்களைப் பெறாமல் சாக அஞ்சினார். ஞானஸ்நானம் பெற்றவர்களிடம் நற்கருணையைக் கேட்டு வாங்கி, துணியில் பொதிந்து கழுத்தில் கட்டிக்கொண்டு கடலில் குதித்தார். உயிரோடு கரை சேர்ந்தார். உடனே ஞானஸ்நானம் பெற விரும்பி, அவ்வூர் ஆயரை அழைத்தார். நீர் உரோமைத் திருச்சபையோடு ஒன்றித்திருப்பவரா என்று விசாரித்தார். அவ்வூர்ச் சபை பிரிவினையில் இருந்தது. அங்கே பெறாமல் காத்திருந்து, ஒன்றிப்புள்ள திருச்சபையிலே பின்னர் பெற்றுக்கொண்டார். சாவின் வாயிலிருந்து தப்பிய வேளையிலும், அவருடைய ஆசையோடு கீழ்ப்படிவும் கூடவே நின்றது பாருங்கள்.

ஆயரான அம்புறோசியார், தாம் தள்ளிப்போட்ட ஞானஸ்நானத்தைத் தம் மக்கள் தள்ளிப்போட விடவில்லை. தவக்காலம் முழுவதும் ஆயத்தம் செய்வோருக்குத் தாமே போதித்தார். சிலுவையை நம்பி நெற்றியில் சிலுவை வரைந்துகொள்பவனும் ஞானஸ்நானம் பெற்றாலன்றிப் பாவ மன்னிப்பைப் பெறமாட்டான் என்று கண்டிப்பாகப் படிப்பித்தார். 387ஆம் ஆண்டு பாஸ்கா இரவில், சித்திரை 24க்கும் 25க்கும் இடையில், அவரிடம் ஞானஸ்நானம் பெற்றவர்களுள் ஒருவரே புனித அகுஸ்தீனார். மகன் அதேயோதாத்துசும் நண்பர் அலீப்பியுசும் கூட இறங்கினர். மொனிக்கா அம்மாளின் ஆண்டுக்கணக்கான கண்ணீர் அன்று அந்தத் தண்ணீரில் கலந்தது. அந்த எண்கோணத் தொட்டியின் எச்சங்களை மிலான் பேராலய முற்றத்தின் அடியில் இன்றும் காணலாம்.

ஞானஸ்நானம் பெற்றாயிற்று; இனி எப்படி வாழ்ந்தாலும் போதுமா? இதற்கு மறுமொழி 390ஆம் ஆண்டில் கிடைத்தது. பேரரசர் தெயோதோசியுஸ் பத்து ஆண்டுகளுக்கு முன் கடும் நோயில் ஞானஸ்நானம் பெற்ற கத்தோலிக்கர். தெசலோனிக்கா நகரில் தம் படைத்தளபதி கொல்லப்பட்டதற்குப் பழிவாங்க, கோபத்தில் ஆணையிட்டார். விளையாட்டரங்கில் கூடியிருந்த மக்களைப் படையினர் வெட்டிச் சாய்த்தனர். இறந்தவர் ஏறக்குறைய 7,000 பேர் என்று பழைய சரித்திர ஆசிரியர் ஒருவர் குறிக்கிறார். அம்புறோசியார் தம் கைப்பட ஒரு கடிதம் எழுதினார். தவம் செய்யாத வரையில் அரசர் முன்னிலையில் தாம் பலி ஒப்புக்கொடுக்க முடியாது என்று அறிவித்தார். உலகை ஆண்டவர் கீழ்ப்படிந்தார். அரச சின்னங்களைக் களைந்து, கோவிலில் எல்லாரும் காண அழுதார். அவ்வாண்டு கிறிஸ்து பிறப்பு விழாவில் மீண்டும் நற்கருணைப் பந்திக்குச் சேர்க்கப்பட்டார். ஞானஸ்நானத்தில் பெற்ற உயிரை அவர் பாவத்தால் இழந்தார். கீழ்ப்படிந்து தவம் செய்தே திரும்பப் பெற்றார்.

இனி மிகக் கடினமான கேள்விக்கு வருவோம். மேற்குப் பகுதியை ஆண்ட இளைய பேரரசர் இரண்டாம் வலந்தினியான், சிறுவனாயிருந்தபோது தாய் யுஸ்தீனாவின் சொற்படி நடந்தவர். 386இல் அந்த அம்மையார் ஆரியூசின் பிரிவினருக்காக மிலான் கோவிலொன்றைப் பறிக்க முயன்றார். அம்புறோசியாரும் மக்களும் பாடல்களைப் பாடியபடி கோவிலுக்குள் இரவும் பகலும் தங்கிக் காத்தனர். தாய் இறந்தபின் வலந்தினியானின் மனம் மாறியது. எதிரியாக நினைத்த ஆயரைத் தந்தையாக மதித்தார். பழைய தெய்வக் கோவில்களுக்குச் சலுகை கேட்டு வந்தவர்களையும் மறுத்து அனுப்பினார். கல்லியாவில் இருந்தபோது, தமக்கு ஞானஸ்நானம் கொடுக்க விரைந்து வரும்படி அம்புறோசியாருக்கு ஆள் அனுப்பினார்.

ஆயர் புறப்பட்டார். அல்ப்ஸ் மலையைக் கடக்கும்போதே துயரச் செய்தி எதிர்வந்தது. 392ஆம் ஆண்டு வைகாசி 15ஆம் திகதி வியன்னா என்ற கல்லிய நகரில் அரசர் கழுத்தில் கயிற்றோடு இறந்து கிடந்தார். வயது இருபதைச் சற்றே கடந்திருந்தது. கொலையா, தற்கொலையா என்பது இன்றும் தீராத வழக்கு. உடல் மிலானுக்குக் கொண்டுவரப்பட்டது. சகோதரன் ஞானஸ்நானம் பெறாமல் போய்விட்டானே என்று யுஸ்தா, கிராத்தா ஆகிய சகோதரிகள் தேற்றுவாரின்றி அழுதனர்.

சிலுவையை நம்புகிறவனுக்கும் ஞானஸ்நானம் வேண்டும் என்று படிப்பித்த அதே ஆயர் அன்று பேச எழுந்தார். என்ன சொல்லப்போகிறார்? உங்கள் சகோதரன் கேட்டதை ஆண்டவர் கொடாமல் விடுவாரா என்று அவர் வினவினார். தண்ணீரைக் காணாத வேதசாட்சிகளை அவர்கள் சிந்திய இரத்தம் கழுவுகிறதென்றால், இவரைப் பக்தியும் ஆசையும் கழுவின என்று தேற்றினார். அத்தோடு நின்றுவிடவில்லை, அந்த ஆத்துமாவுக்காகச் செபிப்பதாகவும், பலி ஒப்புக்கொடுப்பதாகவும் வாக்களித்தார்.

வாசகர்களே, இது முரண்பாடு அல்ல. ஆண்டவர் மீட்புக்கு ஒரு வாசல் வைத்திருக்கிறார். அதனை அறிந்தவர்கள் அந்த வாசலால்தான் போகவேண்டும். ஆனால் வாசலை நோக்கி ஓடிவரும் வழியில் ஒருவன் விழுந்துவிட்டால், வீட்டுக்காரர் வெளியே வந்து அவனைத் தூக்கிச் செல்லமாட்டார் என்று சொல்ல நாம் யார்? வாசல் நமக்கு வைத்த கட்டளை. வீட்டுக்காரரின் கையை அது கட்டிப்போடவில்லை. ஞானஸ்நானத்தாலோ அதன்மேல் கொண்ட ஆசையாலோ மனிதன் நீதிமானாக்கப்படுகிறான் என்று 1547இல் திரிதெந்தீன் சங்கம் படிப்பித்தது. தம் குற்றமின்றிக் கிறிஸ்துவை அறியாமல், கடவுளின் சித்தத்தை மனச்சாட்சியில் கேட்டு நடப்பவர்களும் மீட்படையலாம் என்று 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் எடுத்துரைத்தது. ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைகளுக்கும் மீட்பை நம்பக் காத்திரமான காரணங்கள் உண்டு என்று, பாப்பரசர் பதினாறாம் ஆசீர்வாதப்பரின் ஒப்புதலோடு 2007இல் வெளியான அனைத்துலக இறையியல் ஆணைக்குழுவின் ஏடு விளக்கியது. ஆகவே, தாயே, உன் பிள்ளையை ஆண்டவரின் இரக்கத்தில் ஒப்படைத்துவிடு. அவர் உன்னைவிட அதிகமாய் அப்பிள்ளையை நேசிக்கிறார்.

இந்த ஆறுதல் அசட்டைக்குச் சாட்டாகிவிடக் கூடாது. வலந்தினியான் ஆள் அனுப்பிக் கேட்டவர். கேட்க வாய்ப்பிருந்தும் கேளாதவரல்லர். பிள்ளை பிறந்து முதல் வாரங்களுக்குள் ஞானஸ்நானம் கொடுப்பிக்கப் பெற்றோர் கடமைப்பட்டவர்கள் என்று 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் விதிக்கிறது. நம்மிலோ, வெளிநாட்டிலிருந்து மாமா வரவேண்டும், மண்டபம் கிடைக்கவேண்டும், படம் பிடிப்பவர் வரவேண்டும் என்று மாதக்கணக்காகத் தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு. உரோமையர் தள்ளிப்போட்டதற்குப் பாவப் பயமாவது காரணமாயிருந்தது. நாம் எதைச் சொல்வோம்? மரண ஆபத்தில் இருக்கும் பிள்ளைக்கு, குருவானவர் இல்லாதபோது, திருச்சபையின் கருத்தோடு தண்ணீர் வார்த்து ஞானஸ்நானம் கொடுக்க எவராலும் முடியும். அதைச் செய்யும் முறையை வீட்டில் எல்லாரும் அறிந்திருங்கள். கோவிலை மறந்த மகனுக்காகக் கேட்கும் தகப்பனுக்குத் தெயோதோசியுசின் கண்ணீரே மறுமொழி: மனந்திரும்பி வரும் வழி திறந்தே இருக்கிறது. மொனிக்கா அம்மாளைப்போலச் செபியுங்கள்.

397ஆம் ஆண்டு சித்திரை 4ஆம் திகதி, பெரிய சனி விடியுமுன், அம்புறோசியார் கைகளைச் சிலுவைபோல் விரித்துச் செபித்தபடியே, நற்கருணை பெற்று உயிர்நீத்தார். ஞானஸ்நானம் பெற வந்தவர்களுக்கு அவர் தனியாக நின்று செய்த பணியை, அவருக்குப்பின் ஐந்து ஆயர்கள் சேர்ந்தும் செய்யச் சிரமப்பட்டார்களாம். முப்பத்து நான்கு வயதளவும் தொட்டிக்கு வெளியே நின்றவர், மீதி வாழ்நாளெல்லாம் பிறரை அதற்குள் அழைத்தார். நாமும் பெற்ற ஞானஸ்நானத்துக்கு நன்றி கூறி, அதில் கொடுத்த வாக்குக்கு இன்றே கீழ்ப்படிவோமாக.