குக்கர் வெயிட்டுக்குப் பின்னால் ஒரு மனிதர்

முள்ளுக்குறிச்சியில, மலையடிவாரத்துல, அடுப்பு பத்த வச்சா தண்ணி 99 டிகிரி பக்கம் கொதிக்கும். அங்கிருந்து கொல்லிமலை ஏறி செம்மேடு போயிட்டீங்கன்னா, அதே தண்ணி 96 டிகிரி பக்கமே கொதிச்சிடும். மேல காற்றழுத்தம் கம்மி, அவ்வளவுதான். மூணு டிகிரிதானேன்னு நினைக்காதீங்க. திறந்த பாத்திரத்துல துவரம்பருப்பு போட்டுட்டுக் காத்திருந்து பாருங்க, வயிறு சொல்லும். குக்கர் இருந்தா அந்தக் கவலை இல்ல. உள்ளே 120 டிகிரி பக்கம் போயிடும். அந்தக் குக்கரோட மூதாதையையும், அது வெடிக்காம இருக்க மேல ஒரு வால்வையும் செஞ்சவர் ஒரே ஆள். டெனிஸ் பாப்பின்.

1647 ஆகஸ்ட் 22, பிரான்சில் புளுவா பக்கத்துல ஷித்தனே என்ற ஊர்ல பிறந்தார். படிச்சது மருத்துவம், 1669-ல் பட்டம். ஆனா மனசு மெஷின்லதான் இருந்துச்சு (நம்மில் பலருக்கு இது தலைகீழ்). பாரிஸில் கிறிஸ்டியான் ஹைகன்ஸுக்கு உதவியாளராகி, காற்றிறைக்கும் பம்ப்போட மல்லுக்கட்டினார். 1675-ல் லண்டன் போய் ராபர்ட் பாயிலிடம் சேர்ந்தார். ஆமா, பாயில் விதியில வர்ற அதே பாயில்தான்.

1679-ல் ராயல் சொசைட்டி முன்னாடி அவர் காட்டினது ஒரு கனமான உலோகப் பாத்திரம். இறுக்கி மூடினா ஆவி தப்பாது, எலும்பே கூழாகிடும். பேரே 'டைஜெஸ்டர்', அதாவது செரிப்பான். தூக்கி எறியுற எலும்பிலிருந்து ஏழைகளுக்கு மலிவா சத்தான உணவு கிடைக்கணும்ங்கறது அவர் எண்ணம். 1682-ல் சொசைட்டி ஆட்களுக்கு அதில் சமைச்சு ஒரு விருந்தே நடந்தது. மாட்டெலும்பும் ஆட்டெலும்பும் பாலாடைக்கட்டி மாதிரி மெத்துன்னு இருந்ததா, சாப்பிட்ட ஜான் எவ்லின் நாட்குறிப்பில் எழுதி வச்சிருக்கார்.

ஆவியை அடைச்சு வச்சா பாத்திரம் வெடிக்கும்னு பாப்பினுக்கு நல்லாத் தெரியும். 1681-ல் அவர் வெளியிட்ட புத்தகத்துல அதுக்கான வழி இருக்கு. மூடியில ஒரு சின்னக் குழாய், அதை அடைக்க ஒரு அடைப்பான், அதை அழுத்திப் பிடிக்க ஒரு நெம்புகோல், கோல்ல தொங்குற ஒரு எடைக்கல். காய்கறிக்கடைத் தூக்குக்கோல் மாதிரிதான். எடையை நகர்த்தினா வால்வு திறக்குற அழுத்தம் மாறும்.

கணக்கு போட்டுப் பாருங்க. குக்கர் ஓட்டை 3 மி.மீ. விட்டம்னு வச்சுக்கிட்டா பரப்பு சுமார் 7 சதுர மி.மீ. உள்ளே வெளியழுத்தத்தைவிட 1 பார் கூடுதல்னா, மேல்நோக்கித் தள்ளுற விசை 0.7 நியூட்டன். அதை அமுக்கி வைக்க 70 கிராம் சொச்சம் போதும். உங்க வீட்டு வெயிட்டைக் கையில எடுத்துப் பாருங்க.

எனக்கு ரொம்பப் பிடிச்சது அவர் வெப்பம் அளந்த விதம். பாத்திரத்துக்கு உள்ளே சொருக உருப்படியான தெர்மாமீட்டர் இல்லாத காலம். மூடிக் குழியில ஒரு சொட்டுத் தண்ணி விட்டு, அது காய எத்தனை நொடி ஆகுதுன்னு ஊசல் ஆட்டி எண்ணினார். அதாவது வால்வைச் செஞ்சதோட விடல. என்ன எடைக்கு என்ன நிலைமைன்னு சோதிச்சுக் குறிச்சு வச்சார்.

இப்போ 300 வருஷம் தாண்டுவோம். 1979 மார்ச் 28, அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்டு அணுமின் நிலையம். அழுத்தம் ஏறினதும் ஒரு நிவாரண வால்வு சரியாத் திறந்தது. ஆனா மூடல. கட்டுப்பாட்டு அறை விளக்கு, வால்வுக்கு மூடச்சொல்லி உத்தரவு போனதை மட்டும்தான் காட்டுச்சு, மூடுச்சான்னு காட்டல. ரெண்டு மணி நேரத்துக்கும் மேல குளிர்விக்கும் நீர் வெளியேறி, உலையின் உள்ளகத்தில் பாதியளவு உருகிடுச்சு. அதுக்கப்புறம்தான் இந்த வால்வுகளை நிஜ அளவில், நீராவி மட்டுமில்லாம தண்ணியும், ரெண்டும் கலந்த ஓட்டமும் விட்டுச் சோதிக்கணும்னு கட்டாயமாச்சு. குறிச்ச அழுத்தத்துல திறக்குதா, முழுசா எழும்புதா, திரும்ப ஒழுங்கா உக்காருதா, உக்காந்த பிறகு கசியுதா. பாதுகாப்பு வால்வுன்னா திறக்கணும்னு மட்டும்தான் நினைக்கிறோம். மூடுறது அதோட பாதி வேலை.

நம்ம கூடங்குளத்துல முதன்மைச் சுற்றின் அழுத்தம் 15.7 மெகாபாஸ்கல், குக்கரைப் போல நூற்றைம்பது மடங்குக்கும் மேல. 2011-ல் முதல் அலகில், போலி எரிபொருள் வச்சு 'ஹாட் ரன்' ஓட்டினப்போ, நீராவி வெளியேறின இரைச்சல்ல சுத்துப்பட்டு ஊர்கள் மிரண்டு போச்சு. அந்த ஆகஸ்ட்ல இடிந்தகரைப் போராட்டம் சூடு பிடிச்சதுக்கு அதுவும் ஒரு காரணம். நீராவியைத் திறந்துவிடுற சோதனை சத்தமில்லாம நடக்காது. ஆனா, அது என்னன்னு தெரியாத காதுக்கு அது வெறும் இடிதான். இதைப் புரியுற மாதிரி ஊருக்குச் சொல்றதும் சோதனையில ஒரு பகுதின்னுதான் எனக்குத் தோணுது.

சரி, பாப்பின் என்ன ஆனார்? அவர் புராட்டஸ்டண்ட். 1685-ல் பிரான்ஸ் அரசர் அவங்களுக்கான உரிமைகளை ரத்து செய்ய, சொந்த நாட்டுக்குத் திரும்ப வழி அடைபட்டது. ஜெர்மனியில் மார்பர்க் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியரானார். 1690-ல், நீராவி குளிர்ந்து சுருங்கும்போது பிஸ்டன் கீழிறங்கி வேலை செய்யும்னு எழுதினார். நீராவி எஞ்சினின் விதை அது. 1707-ல் துடுப்புச் சக்கரம் வச்ச தன் படகுல குடும்பத்தோட இங்கிலாந்து கிளம்பினார். முண்டன் என்ற ஊர்ல, அந்த ஆத்துல போக தங்களுக்கு மட்டும்தான் உரிமைன்னு படகோட்டிகள் அதை உடைச்சுப் போட்டாங்க. அது நீராவிப் படகுன்னு நெட்ல நிறைய எழுதியிருக்காங்க, நம்பாதீங்க. கையால சுத்துற சக்கரம்தான்.

லண்டன் வந்து சேர்ந்தப்போ பாயில் இல்ல, பழைய நண்பர்களும் இல்ல. ராயல் சொசைட்டித் தலைவர் நாற்காலியில நியூட்டன். பாப்பின் யோசனை மேல யோசனையா எழுதிக் கொடுத்தார். சோதிச்சுப் பார்க்கப் பணம் கேட்டார். கிடைக்கல. படிக்கப்பட்ட கட்டுரைகளுக்கும் கூலி வரல. 1712 ஜனவரியில எழுதின கடிதத்திலும் வறுமைதான். அதுக்கப்புறம் அவரைப் பற்றிப் பேச்சே இல்ல. எப்போ இறந்தார்னு மூணு நூற்றாண்டா யாருக்கும் தெரியல. லண்டன் பிளீட் தெருவில் உள்ள செயின்ட் பிரைட்ஸ் தேவாலயத்தின் பழைய பதிவேட்டில், 1713 ஆகஸ்ட் 26-ல் அடக்கம் செய்யப்பட்டவங்க வரிசையில அவர் பேர் ஒரே ஒரு வரியா இருக்கு.