அச்சக் கதைகளில் அன்பைக் கண்டவர்

பேய்க்கதைகளை அறியாமையின் விளைவென்று ஒதுக்குவோர் பலர். அவற்றுள் மனித மனத்தைக் கண்டு, இலக்கியமாக்கியவர் லாஃப்காடியோ ஹெர்ன்.

1850ஆம் ஆண்டு லெஃப்காடா தீவில் ஐரிஷ் தந்தைக்கும் கிரேக்கத் தாய்க்கும் பிறந்தார். சிறு வயதிலேயே தாயைப் பிரிந்தார். 16ஆம் வயதில் இடக்கண் பார்வையை இழந்தார். அமெரிக்காவில் இதழாளராகப் பணியாற்றியபின், 1890இல் ஜப்பான் சென்று மாட்சுயே நகரில் ஆங்கில ஆசிரியரானார். கொய்சுமி செட்சு என்னும் சாமுராய்க் குலப் பெண்ணை மணந்தார். 1896இல் அந்நாட்டுக் குடிமகனாகிக் கொய்சுமி யாகுமோ எனப் பெயர் பூண்டார்.

மேனாட்டு வழியில் ஜப்பான் விரைந்துகொண்டிருந்த காலம் அது. ஹெர்னோ பழங்கதைகளைத் தேடினார். இரவில் விளக்கைத் தணித்துச் செட்சு கதை சொல்வார். நூலைப் பார்த்துப் படியாமல், உள்ளத்தில் உணர்ந்து தம் சொற்களிலேயே கூறவேண்டும் என்பது கணவரின் விருப்பம்.

பழைய நூல்களிலும் மக்கள் வாய்மொழியிலும் கிடைத்த கதைகளை அவர் ஆங்கிலத்தில் புதிதாய்ப் புனைந்தார். 1904இல் 'குவாய்தான்' வெளிவந்தது. அதில் வரும் பனிப்பெண், வாக்குத் தவறிய கணவனைக் கொல்ல வல்லவள். ஆயினும் குழந்தைகளுக்காக அவனை உயிரோடு விட்டு மறைகிறாள். அச்சத்தினூடே தாய்மை ஒளிர்கிறது.

அவ்வாண்டு செப்டம்பர் 26ஆம் நாள் ஹெர்ன் மறைந்தார். கதைகள் வாழ்கின்றன. மாணவர்களே, வீட்டு முதியோர் கதை சொல்லும்போது செவிகொடுங்கள். கேட்பார் இல்லையெனில் கதையும் இல்லை.